மாறியது எது? அதை மட்டும் அனுப்பு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நண்பர்கள் இலவசமாகத் தரும் முதல் ஆலோசனை ஒன்று உண்டு. "தினமும் ஒரு கிளீனர் சாப்ட்வேர் ஓட்டி, பிரவுசரில் சேர்ந்த குப்பையை எல்லாம் அழிச்சிரு. சிஸ்டம் பறக்கும்!" தாராபுரம் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் இருக்கும் என் மாமா இதை ஒரு நாள் விடாமல் செய்து வந்தார். அங்கே செல்போன் ஹாட்ஸ்பாட்தான் இன்டர்நெட். சிக்னல் ஒரு கோடு, நல்ல நேரத்தில் இரண்டு கோடு. "ஏங்கண்ணு, புது லேப்டாப்பு வாங்கியும் ஒவ்வொரு சைட்டும் ஆடி அசைஞ்சுதான் வருது?" என்று கேட்டார்.

அவர் குப்பை என்று நினைத்து அழித்தது குப்பையே அல்ல. நேற்று காசு கொடுத்து டவுன்லோடு செய்த சரக்கு. அதை வைத்திருந்தால்தான் இன்று "மாறியதை மட்டும் கொடு" என்று கேட்க முடியும். இந்தக் கட்டுரையில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

கேஷ் என்பது என்ன?

நீங்கள் ஒரு வெப்சைட்டைத் திறந்ததும் அதன் எழுத்துக்கள், படங்கள், லோகோ, எழுத்துருக்கள், ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்கள் எல்லாம் எங்கோ இருக்கும் சர்வரில் இருந்து உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து சேருகின்றன. காட்டி முடித்ததும் பிரவுசர் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடுவதில்லை. ஒரு நகலை உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே வைத்துக்கொள்கிறது. இந்த இடத்துக்குப் பெயர் கேஷ். இடம் நிரம்பினால் நெடுநாள் தொடாத ஃபைல்களைப் பிரவுசரே அழித்துக்கொள்ளும். அதற்கென்று தனி சாப்ட்வேர் எதுவும் வேண்டாம்.

அடுத்த முறை அதே சைட்டுக்குப் போகும்போது லோகோவையும் எழுத்துருவையும் மறுபடி வரவழைக்கத் தேவையில்லை. பக்கத்திலேயே இருக்கிறது, எடுத்துக் காட்டிவிடலாம். ஆனால் இங்கே ஒரு சிக்கல் வருகிறது. சர்வரில் இருக்கும் பக்கம் இதற்குள் மாறியிருந்தால்?

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். அமராவதி அணையின் நீர்மட்டத்தைத் தினமும் காட்டும் ஒரு வெப் பக்கம் இருக்கிறது. அணையின் மொத்த உயரம் 90 அடி. எங்கள் பகுதியில் பாசனத்தை நம்பியிருப்பவர்களுக்கு இன்று எத்தனை அடி என்பதுதான் கேள்வி. நேற்றைய நகலைக் காட்டினால் பக்கம் சட்டென்று திறக்கும். ஆனால் தகவல் தவறு. ஒவ்வொரு முறையும் முழுப் பக்கத்தையும் புதிதாக வரவழைத்தால் தகவல் சரி. ஆனால் நேரமும் டேட்டாவும் வீண். இந்த இரண்டுக்கும் நடுவில் வழி தேடியதுதான் வெப்பின் கதையில் பாதி.

"மாறியதா?" என்று கேட்பது

முதல் வழி எளிமையானது. பிரவுசர் சர்வரிடம் பக்கத்தைக் கேட்கும்போதே, "என்னிடம் நேற்று காலை வாங்கிய நகல் இருக்கிறது. அதற்குப் பிறகு மாறியிருந்தால் மட்டும் அனுப்பு" என்று சேர்த்துச் சொல்லும். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்ற எண்ணை மட்டும் பதிலாகத் தரும். "மாற்றமில்லை, உன்னிடம் இருப்பதையே காட்டு" என்று அர்த்தம். 1996 மே மாதம் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே இது இருக்கிறது. 1997 ஜனவரியில் வந்த எச்டிடிபி 1.1 இதை இன்னும் செம்மைப்படுத்தியது. தேதிக்குப் பதிலாக ஒவ்வொரு பதிப்புக்கும் சர்வர் ஒரு அடையாளச் சீட்டு ஒட்டி அனுப்பும். இதன் பெயர் ஈடேக். பிரவுசர் பிறகு அந்தச் சீட்டைக் காட்டி, "இது இன்னும் செல்லுமா?" என்று கேட்கும்.

அணைப் பக்கத்துக்கு இது போதுமா? போதாது. அங்கே தினமும் ஏதோ ஒன்று மாறுகிறது. 62.40 அடி என்பது 61.85 அடி ஆகிறது. (எண்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை.) ஐந்து எழுத்துத்தான் மாறியது. ஆனால் சர்வரின் கண்ணுக்குப் பக்கமே மாறிவிட்டது. அதனால் முழுப் பக்கத்தையும் திரும்ப அனுப்பும். தாவணியில் ஒரு நூல் பிரிந்ததற்காகப் புதுத் தாவணி நெய்வது மாதிரி!

தமிழ்ப் பக்கம் என்றால் சுமை இன்னும் கூடும். இன்று எல்லோரும் பயன்படுத்தும் யூனிகோட் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். துணைக்கால், புள்ளி, உகரக் குறி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். 'தாராபுரம்' என்று எழுத ஒன்பது குறியீடுகள், அதாவது 27 பைட்கள். ஆங்கிலத்தில் அதே ஊர்ப் பெயருக்குப் பத்தே பைட். (பழைய டிஸ்கி முறையில் இதை ஏழு பைட்டில் எழுதிவிடலாம், ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஒன்றும் படிக்க முடியாமல் திண்டாடினோமே!) அனுப்பும்போது சர்வர் ஜிஜிப் போன்ற முறையில் சுருக்கிவிடுவதால் இந்த வித்தியாசம் பெருமளவு குறைகிறது. என்றாலும், மாறாததை அனுப்பாமல் இருப்பதை விடச் சிறந்த சுருக்கம் வேறு இல்லை.

டெல்டா: வித்தியாசத்தை மட்டும்

அணைப் பக்கம் 80,000 பைட் என்று வைத்துக்கொள்வோம். சர்வர் முழுப் பக்கத்துக்குப் பதிலாக இப்படி ஒரு குறிப்பு அனுப்பினால் எப்படி இருக்கும்? "உன்னிடம் உள்ள பழைய நகலில் முதல் 31,204 பைட்களை அப்படியே எடுத்துக்கொள். அடுத்து 61.85 என்று போடு. பிறகு பழைய நகலின் 31,210-வது பைட்டிலிருந்து கடைசி வரை அப்படியே சேர்த்துக்கொள்." தேதிக்கும் இதே போல ஒரு வரி. மொத்தமே நூறு பைட்டுக்குள் வேலை முடிந்தது. இந்த வித்தியாசக் குறிப்புக்கு டெல்டா என்று பெயர்.

கவனியுங்கள்: இந்தக் குறிப்புக்குத் தனியாக மதிப்பே கிடையாது. பழைய நகல் உங்களிடம் இருந்தால்தான் "அப்படியே எடுத்துக்கொள்" என்பதற்குப் பொருள் உண்டு. மாமா தினமும் அழித்துக்கொண்டிருந்தது அந்தப் பழைய நகலைத்தான்.

சரி, சர்வரிடமும் பழைய நகல் இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசம் எடுக்கலாம். சர்வரிடம் புதியது மட்டும் இருக்கிறது, பழையது உங்களிடம் மட்டும் இருக்கிறது என்றால்? ஒரே இடத்தில் இல்லாத இரண்டு ஃபைல்களை எப்படி ஒப்பிடுவது? இந்தப் புதிருக்கு 1996-இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் ஒரு விடை கொடுத்தார்கள். அதன் பெயர் ஆர்சிங்க். நம் ஊர் மொய் நோட்டை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

கல்யாண வீட்டு மொய் நோட்டு 60 பக்கம். ஒரு நகல் அண்ணனிடம் தாராபுரத்தில், இன்னொன்று தம்பியிடம் கோயமுத்தூரில். அண்ணன் தன் நோட்டில் பிறகு சில திருத்தங்கள் செய்துவிட்டார். தம்பியின் நோட்டையும் போனிலேயே சரி செய்ய வேண்டும். ஒவ்வொரு பெயராகப் படித்தால் விடிந்துவிடும். அதனால் தம்பி ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையை மட்டும் சொல்கிறார். எந்தப் பக்கத்தில் தொகை ஒத்துப்போகிறதோ அதை விட்டுவிடலாம். ஒத்துப்போகாத பக்கத்தை மட்டும் அண்ணன் படித்துக் காட்டினால் போதும். ஃபைல்களிலும் இப்படித்தான். பக்கம் என்பதற்குப் பதில் சில நூறு பைட்கள் கொண்ட துண்டு. கூட்டுத்தொகைக்குப் பெயர் செக்சம்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. அண்ணன் முதல் பக்கத்தில் விட்டுப்போன ஒரு பெயரை இடையில் சேர்த்து நோட்டையே புதிதாக எழுதியிருந்தால்? எல்லா வரியும் ஒன்று கீழே இறங்கும். ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியும் அடுத்த பக்கத்துக்குப் போகும். 60 பக்கத்தின் கூட்டுத்தொகையும் மாறிவிடும். உண்மையில் மாறியது ஒரே ஒரு வரி!

டிரிட்ஜெல் காட்டிய சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. அண்ணன் பக்கக் கணக்கை மறந்துவிட வேண்டும். முதல் வரியிலிருந்து இருபது வரி கூட்டிப் பார்க்கிறார். தம்பி சொன்ன எந்தத் தொகையோடாவது பொருந்துகிறதா? இல்லை என்றால் இரண்டாவது வரியிலிருந்து இருபது வரி. பிறகு மூன்றாவது வரியிலிருந்து. ஒவ்வொரு முறையும் இருபதையும் புதிதாகக் கூட்டத் தேவையில்லை. மேலே விட்ட வரியின் தொகையைக் கழித்து, கீழே புதிதாக வந்த வரியின் தொகையைக் கூட்டினால் முடிந்தது. இப்படி நகர்ந்துகொண்டே போனால், புதுப் பெயரைத் தாண்டிய உடனே தம்பியின் அடுத்த பக்கத் தொகையோடு பொருந்திவிடும். அங்கிருந்து கடைசி வரை பொருந்திக்கொண்டே போகும்.

"தொகை ஒன்றாக இருந்து பெயர்கள் வேறாக இருந்தால்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 500-ம் 501-ம் சேர்ந்தாலும் 1,001. 1,001 ஒன்று தனியாக இருந்தாலும் 1,001. அதனால் ஆர்சிங்க் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு செக்சம் வைத்திருக்கிறது. ஒன்று வேகமாகக் கணக்கிடும் எளிய செக்சம். அது பொருந்தினால் மட்டும் கணக்கிட்டுப் பார்க்கும் வலுவான செக்சம் இன்னொன்று. இரண்டும் பொருந்தினால்தான் ஒரே துண்டு என்று ஏற்றுக்கொள்ளும். சர்வர்களுக்கு இடையே பேக்கப் எடுக்க இன்றைக்கும் இந்த ஆர்சிங்க்கைத்தான் உலகம் முழுக்க ஓட்டுகிறார்கள்.

வெப்புக்கு இது ஏன் வரவில்லை?

முயற்சி நடக்காமல் இல்லை. 1997-இல் ஜெஃப்ரி மோகல், ஃப்ரெட் டக்ளிஸ், அன்யா ஃபெல்ட்மான், பாலச்சந்தர் கிருஷ்ணமூர்த்தி ஆகிய நால்வரும் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். டிஜிட்டல், ஏடி அண்டு டி என்ற இரண்டு பெரிய நிறுவனங்களில் பதிவான உண்மையான வெப் போக்குவரத்தை எடுத்து, டெல்டா அனுப்பியிருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். குறிப்பிட்ட வகைப் பக்கங்களுக்கு நல்ல லாபம் என்று தெரிந்தது. அதன் தொடர்ச்சியாக 2002 ஜனவரியில் ஆர்எஃப்சி 3229 என்ற அதிகாரபூர்வமான விதிமுறையே வந்துவிட்டது. 304-க்கு அண்ணன் மாதிரி 226 என்று ஒரு புது எண்ணும் கொடுத்தார்கள்: "இது முழுப் பக்கம் அல்ல, உன் நகலோடு சேர்த்துப் படிக்க வேண்டிய வித்தியாசம்."

அந்தக் காலத்து வேகத்தை நினைத்தால் இந்த அக்கறை புரியும். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தபோது டயல்-அப் வேகம் 9.6 கேபிபிஎஸ். அந்த வேகத்தில் நம் 80,000 பைட் பக்கம் வந்து சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். பின்னர் வந்த 56 கேபிபிஎஸ் மோடத்தில்கூடப் பதினோரு வினாடிக்குக் குறையாது. நிமிடக் கணக்கில் போன் பில் ஏறிக்கொண்டிருந்த காலம் அது.

இருந்தும் 226 என்ற எண்ணை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். நானும் வேலையில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. காரணம், செலவு முழுக்கச் சர்வர் தலையில் விழுகிறது. உங்களிடம் நேற்றைய நகல், எனக்கு முந்தாநாள் நகல், இன்னொருவருக்குப் போன மாத நகல். எல்லாப் பழைய பதிப்புகளையும் சர்வர் சேமித்து வைக்க வேண்டும். கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தனி வித்தியாசம் கணக்கிட வேண்டும். லாகின் செய்து பார்க்கும் பக்கம் என்றால் ஆளுக்கு ஒரு பக்கம், கேட்கவே வேண்டாம். இதற்குள் பிராட்பேண்டும் வந்துவிட்டது. 2004-இல் இந்திய அரசின் கொள்கை 256 கேபிபிஎஸ்ஸையே பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. இன்று சிரிப்பு வரலாம். டயல்-அப்பில் இருந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. பைட்களை எண்ணும் அவசரம் குறைந்தது.

அதே நேரத்தில் புரோகிராமர்கள் வேறு குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பக்கத்தின் சட்டகம் ஒருமுறை வந்தால் போதும். மாறும் எண்ணை மட்டும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் பின்னால் போய்க் கேட்டு வாங்கி வரட்டும். 2005-இல் இதற்கு அஜாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும்போது பக்கம் அசையாமல் ரன் மட்டும் மாறுகிறதே, அதுதான். டெல்டாவின் நோக்கம் இப்படிப் புறவாசல் வழியாக நிறைவேறியது.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. எண்ணை வாங்கி வரும் அந்த ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்கள் பெருத்துக்கொண்டே போயின. இன்று பல சைட்களில் எழுத்தை விட ஸ்கிரிப்ட்தான் கனம். எங்களைப் போன்றவர்கள் வாரத்துக்கு ஒரு முறை புது வெர்ஷன் ஏற்றுகிறோம். அரை எம்பி ஃபைலில் நாலு வரி மாறியிருக்கும்; உங்கள் பிரவுசர் அரை எம்பியையும் மறுபடி இழுக்கும். எங்கள் வசதிக்கு உங்கள் டேட்டா செலவாகிறது என்பதுதான் உண்மை.

மறுபடி வந்த டெல்டா

கூகுள் 2008-இல் எஸ்டிசிஎச் என்ற முறையில் இதை மீண்டும் முயன்றது. அதிகம் பேர் சேராததால் 2017-இல் குரோமில் இருந்து எடுத்துவிட்டது. 2024 அக்டோபரில் வந்த குரோம் 130-இல் அதே யோசனை திருந்திய வடிவில் திரும்பி வந்தது. கம்ப்ரஷன் டிக்ஷனரி என்கிறார்கள். 2025-இல் இது ஆர்எஃப்சி 9842 என்ற விதிமுறையாகவும் ஆகிவிட்டது.

இது நடப்பது இப்படி. ஸ்கிரிப்ட் ஃபைலை முதல் முறை அனுப்பும்போதே சர்வர், "இதைப் பத்திரமாக வை, அடுத்த வெர்ஷனுக்கு அகராதியாகப் பயன்படும்" என்று சொல்லி அனுப்புகிறது. அடுத்த வாரம் புது வெர்ஷன் கேட்கும்போது பிரவுசர் தன்னிடமுள்ள பழைய ஃபைலின் கைரேகையை, அதாவது ஒரு நீண்ட செக்சம்மைக் காட்டுகிறது. சர்வரில் அந்தப் பழைய ஃபைலோடு ஒப்பிட்டு முன்பே சுருக்கி வைத்த நகல் தயாராக இருந்தால் அதையே கொடுக்கும். இல்லையா, வழக்கம் போல முழு ஃபைல் வரும். இந்த முறை தெரியாத பிரவுசருக்கும் முழு ஃபைல்தான். எதுவும் கெட்டுப்போகாது. எல்லோருக்கும் பொதுவான ஸ்கிரிப்ட் ஃபைல் என்பதால் ஆளுக்கு ஒரு வித்தியாசம் என்ற பழைய தலைவலியும் இல்லை. 2002-இல் செய்ய முடியாதது இன்று முடிவதற்கு இதுதான் காரணம் என்பது என் கருத்து.

செல்போனில் இந்தப் பலனை நீங்கள் ஏற்கெனவே அனுபவித்து வருகிறீர்கள். பிளே ஸ்டோரில் ஆப் அப்டேட் ஆகும்போது முழு ஆப் வருவதில்லை. பழையதோடு ஒட்டவைக்கும் ஒட்டுத்துண்டுதான் வருகிறது. 2016 டிசம்பரில் கூகுள் அறிமுகப்படுத்திய முறையில், தானாக நடக்கும் அப்டேட்கள் முழு ஆப்பை விடச் சராசரியாக 65 சதவீதம் சிறியதாக இருந்ததாக அறிவித்தார்கள்.

நீங்களே பார்க்கலாம்

குரோம் பிரவுசரில் நீங்கள் அடிக்கடி போகும் ஒரு சைட்டைத் திறந்து, கீபோர்டில் எஃப்12 அழுத்துங்கள். பக்கத்தில் ஒரு ஜன்னல் திறக்கும். பயப்பட வேண்டாம், எதையும் கெடுக்காது. அதில் 'நெட்வொர்க்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். மேலே 'டிஸேபிள் கேஷ்' என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இப்போது கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எஃப்5 அழுத்துங்கள். கேஷைத் தொடாமல் எல்லாமே புதிதாக வரும். அடியில் 'டிரான்ஸ்ஃபர்டு' என்று ஒரு அளவு தெரியும். குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வெறும் எஃப்5 மட்டும் அழுத்திப் பாருங்கள். அந்த அளவு சடசடவென்று குறைந்திருக்கும். பட்டியலில் சில வரிகளில் 304 என்றும், சில வரிகளில் 'டிஸ்க் கேஷ்', 'மெமரி கேஷ்' என்றும் இருக்கும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் கிளீனர் ஓட்டிய ஒவ்வொரு முறையும் நீங்கள் திரும்பக் கொடுக்கும் கட்டணம். மாமாவின் லேப்டாப்பில் இதைச் செய்து காட்டிய பிறகுதான் கிளீனர் நின்றது.

பக்கம் பழைய தகவலையே காட்டுகிறது என்று சந்தேகம் வந்தாலும் மொத்தக் கேஷையும் அழிக்க வேண்டியதில்லை. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் கண்ட்ரோல் + எஃப்5 போதும். தேர்வு முடிவு, அணை நீர்மட்டம் போன்றவற்றை அவசரமாகப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். அப்படியும் பழையதே வந்தால் கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. சர்வர் பக்கத்தில் இன்னும் ஏற்றவில்லை.

கேஷை அழிக்க வேண்டிய இடமும் உண்டு. பிரவுசிங் சென்டரிலோ நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரிலோ உங்கள் மெயிலையோ மற்ற சொந்த விஷயங்களையோ பார்த்திருந்தால் கிளம்பும் முன் கண்டிப்பாக அழியுங்கள். வங்கிப் பக்கங்கள் பெரும்பாலும் 'நோ-ஸ்டோர்' என்ற கட்டளையோடு வருவதால் பிரவுசர் அவற்றைச் சேமிப்பதில்லை. ஆனால் எல்லா சைட்டும் அவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. அங்கே முதலிலேயே இன்காக்னிடோ ஜன்னலைத் திறந்து வேலை செய்தால் இன்னும் நல்லது. எல்லா இன்காக்னிடோ ஜன்னல்களையும் மூடியதும் கேஷும் குக்கீயும் தானாகவே போய்விடும்.